ஒரு டிஷ், மூன்று டிவி: எந்த ஏற்பாடு சரிவரும்?

குரோம்பேட்டையில் எங்கள் வீடு தரைத்தளமும் முதல் மாடியுமாக இருக்கிறது. கீழே ஹாலில் ஒரு டிவி, அப்பா அம்மா அறையில் ஒன்று, மாடியில் எங்களுக்கு ஒன்று. மொட்டைமாடியில் டிஷ் ஒன்றுதான். மூன்று டிவிக்கும் எப்படிப் படம் கொண்டுவருவது என்று இரண்டு வருடமாக விதவிதமாகச் செய்து பார்த்தோம். அண்ணன் வீட்டில், தங்கை வீட்டில், பக்கத்துத் தெரு நண்பர் வீட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் போய்ப் பார்த்தேன். புதிதாக வீடு கட்டுகிறவர்களும் ஒயரிங்கை மாற்றப் போகிறவர்களும் சுவரைப் பூசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

எங்களுக்கு முதலில் வந்த டிஷ்காரர், "ஒரே ஒயர் போதும் சார், கீழ ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிச்சிடலாம்" என்றார். ஸ்ப்ளிட்டர் என்பது உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. ஒரு பக்கம் ஒயர் உள்ளே வரும், மறுபக்கம் மூன்று முனைகள் வெளியே போகும். அன்று மாலையே மூன்று டிவியிலும் படம் வந்தது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரச்சினை ராத்திரியில் வந்தது. ஒன்பதரை மணி வாக்கில் மாடியில் படம் சட்டென்று நின்று ‘சிக்னல் இல்லை’ என்று காட்டும். காலையில் பார்த்தால் நன்றாக இருக்கும். மழையில்லை, காற்றுமில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தோம், ஒயரை மாற்றினோம், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னார்: "உங்கப்பா படுக்கப் போற நேரம்தானே அது?"

அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். படுக்கும் முன் டிவி, பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுவார். ஸ்ப்ளிட்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று முனைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் சிறிய சிவப்புக் கோடு இருந்தது, அதன் கீழே ‘பவர் பாஸ்’ என்று பொடி எழுத்து. அந்த முனையில் இருந்தது அப்பா அறைக்குப் போகும் ஒயர்.

இதைப் புரிந்துகொண்டால் டிஷ் சம்பந்தமான பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையின் நுனியில் இருக்கிறதே, அதுதான் எல்என்பி. விண்கோளிலிருந்து 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வருவதைப் பிடித்து, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் இறக்கி, ஒயர் வழியாகக் கீழே அனுப்புகிறது. அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் செட் டாப் பாக்ஸிலிருந்து அதே ஒயரில்தான் மேலே போகிறது. எங்கள் ஸ்ப்ளிட்டர் அப்பாவின் பாக்ஸிலிருந்து மட்டும்தான் மின்சாரத்தை மேலே விட்டது. அவர் சுவிட்சை அணைத்ததும் எல்என்பி அணைந்தது, மொத்த வீட்டுக்கும் படம் போனது.

எல்லா முனையிலும் மின்சாரத்தை விடும் ஸ்ப்ளிட்டரும் கிடைக்கிறது. அதை மாட்டினால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் இன்னொன்று காத்திருக்கிறது. பாக்ஸ் மேலே அனுப்புவது வெறும் மின்சாரம் மட்டுமில்லை, உத்தரவும்கூட. 13 வோல்ட் வந்தால் செங்குத்து அலைகளைக் கொடு என்று பொருள், 18 வோல்ட் வந்தால் கிடைமட்ட அலைகளைக் கொடு என்று பொருள். மேலே ஒருவர் ஒரு வகையில் வரும் சேனலையும், கீழே ஒருவர் மற்ற வகையில் வரும் சேனலையும் போட்டால், ஒற்றை எல்என்பி யார் பேச்சைக் கேட்கும்? அதிக வோல்ட்தான் ஜெயிக்கும். மற்றவருக்கு சில சேனல்கள் வரும், சில வராது. நீங்கள் பார்க்கும் சேனல்கள் எல்லாம் ஒரே வகையில் வந்தால் ஸ்ப்ளிட்டர் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும். "எங்க வீட்டுல ஓடுதே" என்று சிலர் சொல்வது அதனால்தான். ஆனால் நிறுவனம் நாளைக்கே சேனலை வேறு இடத்துக்கு மாற்றலாம். அதை நம்பி சுவரைப் பூசக் கூடாது என்பது என் கருத்து.

டிஷ் வைத்திருப்பவர்களுக்குச் சரியான வழி, வெளியே இரண்டு அல்லது நான்கு முனைகள் உள்ள எல்என்பி. கடையில் ட்வின், குவாட் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு முனையும் தனி எல்என்பி மாதிரி வேலை செய்யும். யார் எந்தச் சுவிட்சை அணைத்தாலும் மற்றவர் படம் போகாது, யார் எந்தச் சேனல் போட்டாலும் இடைஞ்சல் இல்லை. நம்மிடம் உள்ள சேவைக்கும் டிஷ்ஷுக்கும் அது பொருந்துமா என்பதை மட்டும் நிறுவனத்தின் ஆளிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மொட்டைமாடியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஒயர் வர வேண்டும். கட்டி முடித்த வீட்டில் இதுதான் வலிக்கும் இடம். எங்கள் வீட்டில் ஒரு ஒயர் பழைய பைப்பில் போனது, இன்னொன்றைப் படிக்கட்டுச் சுவரோரம் கேசிங் வைத்து இறக்கினோம், மூன்றாவதை வெளிச்சுவரில் ஜன்னல் ஓரமாகக் கொண்டுவந்தோம். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்ஜி 6 என்று எழுதிய 75 ஓம் ஒயர்தான் இதற்கு. நல்ல ஆர்ஜி 6-லேயே 1000 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் இழப்பு உண்டு. டிஷ் பயன்படுத்தும் வரம்பின் உச்சியில், அதாவது 2150 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அது 30 டெசிபலைத் தாண்டும். 3 டெசிபல் என்றால் சக்தி பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து ஹாலுக்கு 20 மீட்டர் ஒயர் என்றால் 6 டெசிபல் போகும், எல்என்பி கொடுக்கும் பலத்துக்கு அது பெரிய விஷயமில்லை. வீட்டில் பழைய கேபிள் டிவிக்குப் போட்ட மெல்லிய ஒயர் கிடக்கிறதே என்று அதையே டிஷ்ஷுக்குப் பயன்படுத்தினால் இழப்பு இன்னும் கூடும்.

இழப்பைவிட மோசமானது நுனி. எங்கள் பழைய ஒயரின் முனையைக் கழற்றியபோது உள்ளே செம்பு நிறமே இல்லை, பச்சைப் பொடி உதிர்ந்தது. வெளிப்பின்னல் கறுத்து, தொட்டால் நொறுங்கியது. ஒயரின் நுனியில் மாட்டும் எஃப் கனெக்டர் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு மீட்டருக்கு மேல் ஒயரைத் தின்றிருந்தது. திருவான்மியூர், பெசன்ட் நகர், பாலவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கையால் திருகி மாட்டும் கனெக்டரை விட, கருவி வைத்து அழுத்திப் பொருத்தும் கனெக்டர் வாங்குங்கள். மேலே ரப்பர் உறை போடுங்கள். எல்என்பியில் மாட்டுவதற்கு முன் ஒயரைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், வழிந்து வரும் தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. ரிச்சி தெருவில் ஒயர், கனெக்டர், அழுத்தும் கருவி எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

மாதக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டண டிடிஎச்சில் ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ், ஒவ்வொரு பாக்ஸுக்கும் கூடுதல் கட்டணம். இரண்டாவது டிவியிலிருந்து ஒவ்வொன்றுக்கும், மாத இணைப்புக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் வரம்பு வைத்தது. 2024-இல் இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. அதனால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மூன்று டிவிக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று மொத்தமாகக் கேளுங்கள், முதல் டிவியின் பேக் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

டிடி ஃப்ரீ டிஷ்ஷில் அந்தக் கவலை இல்லை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது, இப்போது ஜிசாட்-15 விண்கோள் வழியாக வருகிறது. பாக்ஸும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கினால் முடிந்தது, மாதக் கட்டணம் கிடையாது. மூன்று டிவிக்கு மூன்று பாக்ஸ் வாங்கினாலும் அப்படியே. தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பதுதான் நம் ஊரில் அது பெரிதாகப் பரவாததற்குக் காரணம். ஆனால் தாத்தா பாட்டி அறைக்கு தூர்தர்ஷனும் செய்தியும் போதும் என்றால் யோசிக்கலாம்.

சரி, கேபிள் டிவி. ஸ்ப்ளிட்டர் உண்மையில் பிறந்த இடம் இது. கேபிளில் எல்லாச் சேனலும் எப்போதும் ஒரே ஒயரில் ஓடிக்கொண்டிருக்கும். பாக்ஸ் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை, மின்சாரமும் அனுப்புவதில்லை. அதனால் தாராளமாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ் மட்டும் வேண்டும். சென்னைக்காரர்களுக்கு பாக்ஸ் புதிதில்லை, 2003 செப்டம்பர் 1-இல் ‘கேஸ்’ (சிஏஎஸ்) என்ற முறை வந்தபோதே கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் மாட்டத் தொடங்கிய ஊர் இது.

பிரிப்பதில் கணக்கு உண்டு. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 3.5 டெசிபல் போகும், நான்காகப் பிரித்தால் 7 டெசிபல். தேவை இரண்டு முனை என்றால் நான்கு முனை ஸ்ப்ளிட்டரைப் போட்டு இரண்டைச் சும்மா விடாதீர்கள், காரணமில்லாமல் பாதி சக்தி போகிறது. முனை காலியாகத்தான் இருக்கும் என்றால் 75 ஓம் மூடி ஒன்றை மாட்டுங்கள். திருவல்லிக்கேணியில் அண்ணன் இருக்கும் பழைய வீட்டில் கூடத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர், அதிலிருந்து அடுத்த அறையில் இன்னொன்று, அதிலிருந்து பின்கட்டுக்கு மூன்றாவது என்று சங்கிலியாகப் போகிறது. பின்கட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் படம் தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை பளிச்சென்று இருக்கும், அதைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. கேபிள்காரர் அங்கே சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வைக்கலாம் என்றார். அதற்கு முன் மூன்று ஸ்ப்ளிட்டரையும் எடுத்துவிட்டு, ஒயர் நுழையும் இடத்திலேயே ஒரு மூன்று முனை ஸ்ப்ளிட்டர் வைத்து, அங்கிருந்து தனித்தனி ஒயர் இழுத்தோம். பூஸ்டர் தேவைப்படவே இல்லை.

மழை என்று வரும்போது கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் பெரிய வித்தியாசம். டிஷ் பயன்படுத்தும் உயர் அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை கொட்டும்போது ஐந்து, பத்து நிமிடம் படம் நிற்பது இயல்பு, எல்என்பி எத்தனை நல்லதாக இருந்தாலும். கேபிளுக்கு மழை உறுத்தாது, ஆனால் மரம் சாய்ந்தால் போச்சு. 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்த பிறகு எங்கள் தெருவில் கேபிள் ஒயர் கிளைகளோடு தரையில் கிடந்தது. டிஷ்ஷை அடுத்த நாள் நாமே நிமிர்த்தி வைத்துவிடலாம், அறுந்த கேபிளுக்கு அவர்கள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆன்டெனாவையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன், பலருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தின் பெயர் டிவிபி-டி2. டிவியிலேயே டிவிபி-டி2 டியூனர் இருந்தால் பாக்ஸே வேண்டாம், ஆன்டெனா ஒயரை நேராக மாட்டினால் போதும். இங்கேயும் கேபிள் மாதிரியே ஸ்ப்ளிட்டரால் பிரிக்கலாம், ஒவ்வொரு டிவியும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கட்டணம் இல்லை, கனமழையும் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் கிடைப்பது தூர்தர்ஷன் சேனல்கள் சிலதான். டிவியின் விவரப் புத்தகத்தில் டிவிபி-டி2 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சிறிய ஆன்டெனாவை மாட்டி, ஆட்டோ டியூன் செய்து, உங்கள் மாடியில் என்ன வருகிறது என்று பார்த்த பிறகே மூன்று அறைக்கு ஒயர் இழுங்கள்.

பூஸ்டர் வைப்பதானால் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் வைக்க வேண்டும். இலங்கையின் ரூபவாஹினி பார்க்க மூங்கில் கட்டி மீன்முள் ஆன்டெனா ஏற்றிய கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். ஒயரில் இறங்கிப் பலம் குறைந்த பிறகு கீழே பெருக்கினால், கூடவே சேர்ந்த இரைச்சலும்தான் பெருகும்.

ஒரே பாக்ஸை வைத்து எல்லா டிவியிலும் ஒரே படம் வந்தால் போதும் என்பவர்களுக்கு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. தங்கை வீட்டில் ஹாலிலும் சாப்பாட்டு மேஜைக்கு எதிரிலும் இப்படி வைத்திருக்கிறார்கள், கிரிக்கெட் நாளில் அருமையாக இருக்கிறது. கூடுதல் மாதக் கட்டணம் இல்லை. ஆனால் சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது, அதற்கு மேல் நெட்வொர்க்குக்குப் போடும் கேட் 6 ஒயரில் அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேண்டும். ரிமோட்டும் பாக்ஸ் இருக்கும் அறையில்தான் வேலை செய்யும். அம்மா ஏழரை மணி சீரியலும் பையன் மேட்ச்சும் ஒரே நேரத்தில் கேட்கும் வீட்டுக்கு இது ஆகாது.

இணையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் இணைப்பு இருந்தால் ஒயரே இல்லாமல் எந்த அறைக்கும் படம் போகும். பிரசார் பாரதியே 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியைக் கொண்டுவந்தது. வாடகை வீட்டில், சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் முகம் சுளிக்கும் இடத்தில், இதுதான் சுலபம். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, அப்பா அம்மாவுக்கு எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும். செயலி திறந்து, கீழே இறங்கி, ‘லைவ்’ தேடுவது அவர்களுக்குத் தினசரி வேதனை. இரண்டாவது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம், மொபைல், இணையம் மூன்றும் ஒன்றாகப் போயின. எங்கே தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று டிவி தேவைப்பட்டது. இன்வெர்ட்டரில் டிவியும் பாக்ஸும் ஓடின, மழை விட்டு விட்டுப் பெய்த இடைவெளியில் டிஷ்ஷில் செய்தி வந்தது.

அப்படியானால் யாருக்கு எது? சொந்த வீடு, மாடிக்குப் போக வழி இருக்கிறது, மூன்று அறையிலும் வேறு வேறு சேனல் வேண்டும் என்றால், நான்கு முனை எல்என்பியும் அறைக்கு ஓர் ஒயருமாகத்தான் நான் போவேன். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஆர்ஜி 6, ஒரு கேட் 6 இரண்டையும் ஒரே இடத்திலிருந்து இழுத்து வையுங்கள்; நாளைக்கு டிஷ்ஷை விட்டு கேபிளுக்கோ இணையத்துக்கோ மாறினாலும் சுவரை உடைக்க வேண்டாம். அடுக்குமாடியில் ஆளுக்கொரு டிஷ் வைத்து மொட்டைமாடியை நிரப்புவதை விட, சங்கம் பொதுவாக ஒரு டிஷ்ஷும், அதன் சிக்னலைப் பல வீடுகளுக்குத் தனித்தனியாகக் கொடுக்கும் மல்டிசுவிட்சும் வைப்பது மேல். ஓர் அறை மட்டும் கூடுதல், ஏற்கெனவே கேபிள் இருக்கிறது என்றால் ஒரு நல்ல ஸ்ப்ளிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டிஷ்ஷுக்கு மாறத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் இப்போது நான்கு முனையில் மூன்று ஓடுகிறது. நான்காவதுக்கு ரப்பர் மூடி போட்டு வைத்திருக்கிறோம். அப்பா இன்றைக்கும் ஒன்பதரைக்குச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார், மாடியில் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.